ஒரே பெட்டியில் ஐந்து ரவுட்டர்: ஒவ்வொன்றும் வாயை மூடிக்கொண்டே பிறக்கட்டும்

வேலூர் பக்கத்தில் இணையம் கொடுக்கும் சின்ன நிறுவனங்களின் ரேக்குகளில் முன்பெல்லாம் வேலைக்கு ஒரு பெட்டி இருக்கும். நமக்கு இணையம் விற்கும் பெரிய நிறுவனமான அப்ஸ்ட்ரீமோடு பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் மொழி) பேச ஒன்று, வீட்டு இணைப்புகளின் பிபிபிஓஇ லாகினுக்கு ஒன்று, பல வீடுகளை ஒரே பொது முகவரியில் அடக்கும் சிஜிநாட்டுக்கு ஒன்று, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் லீஸ்டு லைனுக்கு ஒன்று. கரண்ட் பில், ஏசி, கத்திரி வெயில் எல்லாம் சேர்ந்து இவற்றை ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் ரவுட்டர்களாகவோ (விஎம்), ஒரே ரவுட்டருக்குள் தனித்தனி வழிப்பட்டியல்களாகவோ (விஆர்எஃப்) சுருக்கிவிட்டன. செலவுக் கணக்கில் இது சரிதான்.

மாறியது பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை. இரும்புப் பெட்டியை ஆர்டர் கொடுத்தால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கான்ஃபிக் எழுதி, நாலு பேர் பார்த்துவிடுவார்கள். விஎம் ரவுட்டரோ ஐந்து நிமிடத்தில் நகலெடுக்கப்பட்டு லைனில் நிற்கிறது. நாம் ஒன்றும் சொல்லாத இடத்தில் அது தன் இயல்புப்படி ஏதோ ஒன்றைச் செய்கிறது. அந்த இயல்பு எல்லா வழித்தகவலையும் (ரூட்) கடத்தும் திறந்ததா, சொன்னதை மட்டும் கடத்தும் மூடியதா என்று பார்க்காமல் லைவில் விட்டவர்களுக்குத்தான் இரவு இரண்டு மணிக்கு போன் வருகிறது.

ஒண்டுக்குடித்தனமும் தனி வீடும்

விஆர்எஃப் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வாசல், தனி அடுப்பு. கிணறும் மீட்டரும் பொது. ரூட்டிங் டேபிள் தனித்தனி. சிபியு, மெமரி, மென்பொருள் எல்லாம் ஒன்றே. விஎம் ரவுட்டர் தனி வீடு. ஆனால் மனையும் மின்கம்பமும் ஒன்று. எல்லாவற்றையும் தாங்கும் சர்வரான ஹோஸ்ட் விழுந்தால் எல்லா வீடும் இருட்டு.

விஆர்எஃப் எதற்கு என்று கேட்டால், தோல் தொழிற்சாலை உதாரணமே போதும். ஆம்பூர் யூனிட்டின் உள் முகவரித் தொகுதி 192.168.1.0/24 (கோட்டுக்குப் பின் எண் சிறியதானால் தொகுதி பெரியது), வேறொரு முதலாளியின் ராணிப்பேட்டை யூனிட்டிலும் 192.168.1.0/24, காந்தி ரோட்டு லாட்ஜின் வைஃபையிலும் அதே. மூன்றும் ஒரே டேபிளில் இருக்க முடியாது. ஆளுக்கொரு விஆர்எஃப் கொடுத்தால் சிக்கல் இல்லை.

இங்கே புதியவர்கள் குழப்பிக்கொள்வது ஆர்டி, ஆர்டி என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டை. ரூட் டிஸ்டிங்விஷர் ஒரே முகவரியை வேறுபடுத்தும் முன்னொட்டு மட்டுமே. யாருக்கு எது போகும் என்பதை அது தீர்மானிக்காது. அதைத் தீர்மானிப்பது ரூட் டார்கெட். பழைய வாடிக்கையாளரின் விஆர்எஃப் கான்ஃபிக்கை நகலெடுத்து, டிஸ்டிங்விஷரை மாற்றி, டார்கெட்டை மாற்ற மறந்தால் இரண்டு தொழிற்சாலைகளின் நெட்வொர்க்கும் ஒன்றாகிவிடும். எந்த அலாரமும் அடிக்காது, ஏனென்றால் ரவுட்டரின் கணக்கில் எல்லாம் சரியாகவே வேலை செய்கிறது. டார்கெட் எண்களை கையால் எழுத விடாமல் வாடிக்கையாளர் எண்ணிலிருந்து ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்குவதே இதற்கு மருந்து. விஆர்எஃப் ஒன்றுக்கு அதிகபட்ச ரூட் எண்ணிக்கையும் வைத்துவிடுங்கள். இரண்டு யூனிட் உள்ள வாடிக்கையாளருக்கு 50 தாராளம்.

ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன செய்யும்?

இரண்டு அப்ஸ்ட்ரீம் உள்ள நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பாலிசி (எந்த ரூட்டை ஏற்பது, எதைச் சொல்வது என்ற விதி) எதுவும் எழுதாமல் இரண்டு பக்கமும் பிஜிபி எழுப்பினால், திறந்த இயல்புள்ள ரவுட்டர் முதலாமவரிடம் கற்ற ரூட்களை இரண்டாமவரிடம் ஒப்பிக்கும். இரண்டாமவர் அதை ஏன் நம்ப வேண்டும்? காசு கொடுக்கும் வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டுக்குப் பெரிய நிறுவனங்கள் லோக்கல் ப்ரிஃபரன்ஸை (எந்த வழிக்கு முன்னுரிமை என்ற மதிப்பெண்) உயர்த்தி வைத்திருப்பது வழக்கம். ஏஎஸ் பாதை (வழியில் கடக்கும் நெட்வொர்க்குகளின் வரிசை) நீளமாக இருந்தாலும் லோக்கல் ப்ரிஃபரன்ஸ் முதலில் ஜெயிக்கும். விளைவு, சென்னையில் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருக்கும் இருவரின் டிராஃபிக் 140 கிலோமீட்டர் தள்ளி வேலூருக்கு வந்து திரும்பிப் போகும். நம் 10 ஜி லிங்க் இரண்டு திசையிலும் நிரம்பும். கண்காணிப்பில் தெரியும் முதல் அறிகுறி அப்லோடு வரைபடம் திடீரென டவுன்லோடுக்குச் சமமாக எழுவது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1997 ஏப்ரல் 25-இல் ஏஎஸ் 7007 என்ற ஒரே நெட்வொர்க் உலகின் ரூட்களைத் துண்டு துண்டாக்கித் தன்னுடையதென்று அறிவித்து இணையத்தைத் திணறடித்தது. 2008 பிப்ரவரி 24-இல் யூடியூபை உள்நாட்டில் தடுக்கப் பாகிஸ்தானில் போட்ட 208.65.153.0/24 வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22 என்பதால் நுணுக்கமான /24 ஜெயித்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உலகம் முழுக்கத் தடுமாற்றம். 2021 ஏப்ரல் 16-இல் இந்திய நெட்வொர்க் ஒன்றிலிருந்தே 30,000-க்கும் மேற்பட்ட ரூட்கள் தவறாக அறிவிக்கப்பட்டன. மூன்றிலும் தவறு செய்தவர் ஒருவர் என்றால், வடிகட்டாமல் வாங்கிக் கடத்தியவர்கள் பலர்.

2017 ஜூலையில் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8212 இந்த இயல்பைத் தலைகீழாக்கியது. இபிஜிபி-யில் (வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையே ஓடும் பிஜிபி) இறக்குமதிப் பாலிசி எழுதப்படவில்லையா, ஒரு ரூட்டையும் ஏற்காதே. ஏற்றுமதிப் பாலிசி இல்லையா, ஒன்றையும் சொல்லாதே. சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் அதற்கு முன்பிருந்தே இப்படித்தான். பாலிசி இல்லாத அண்டையை சம்மரியில் ஆச்சரியக்குறி போட்டுக் காட்டும். இலவச ரவுட்டர் மென்பொருளான பேர்டு 2-இல் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டையும் வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் திறந்தது. ஜூனிப்பரின் ஜூனோஸ் தானாகவே ஏற்கும், பிஜிபி ரூட்களைத் தானாகவே சொல்லும். மூடுவதற்கு நாம் எழுத வேண்டும்.

லினக்ஸில் ஓடும் ரவுட்டர் மென்பொருளான எஃப்ஆர்ஆர் 7.4 முதல் இயல்பாக மூடியது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. சேமித்த கான்ஃபிக்கின் தலையில் எஃப்ஆர்ஆர் வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். மென்பொருள் அந்த வரியைப் பார்த்து அந்தப் பதிப்பின் இயல்புகளையே பின்பற்றும். 7.2 காலத்து கான்ஃபிக்கை அப்படியே புது விஎம்மில் ஒட்டினால், மென்பொருள் புதிது, இயல்பு பழையது, கதவு திறந்தது. டேட்டாசென்டர் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தாலும் திறந்தே இருக்கும். எனவே இயல்பை நம்பாமல், இபிஜிபி ரிக்வயர்ஸ் பாலிசி என்ற வரியை டெம்ப்ளேட்டிலேயே எழுதி வையுங்கள்.

மேம்படுத்திய இரவில் பிஜிபி எஸ்டாப்ளிஷ்டு என்கிறது, ரூட் மட்டும் வரவில்லை, எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் பாலிசி என்ற சொல் நிற்கிறது. அப்போது பதற்றத்தில் அந்த வரியையே அணைப்பதுதான் பலரும் செய்வது. அது தற்காலிகம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். பாலிசியை எழுத இருபது நிமிடம். அணைத்ததை மறந்தால் அடுத்து வரும் ஒவ்வொரு நகலும் திறந்தே பிறக்கும்.

மைக்ரோடிக்கில் கதை வேறு. அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 6-இல் ஃபில்டர் சங்கிலியில் எந்த விதியும் பொருந்தாவிட்டால் ஏற்றுக்கொள்ளும், 7-இல் மறுத்துவிடும். வேண்டாததை மட்டும் மறுக்கும் பழைய சங்கிலியை 7-க்குக் கொண்டுபோனால் எல்லா ரூட்டும் போய்விடும். இது நல்ல பக்கத்துத் தவறு, உடனே தெரிந்துவிடும். சங்கிலியையே பியரில் (எதிர்ப்பக்க ரவுட்டருடனான இணைப்பு) மாட்ட மறந்தால் எல்லாவற்றையும் ஏற்கும், அது தெரியாது. அங்கேதான் ஆபத்து.

இன்னொரு மௌனத் தவறு ப்ரிஃபிக்ஸ் லிஸ்டின் (முகவரித் தொகுதிகளின் பட்டியல்) பெயரில் எழுத்துப்பிழை. இல்லாத பட்டியலைச் சுட்டினால் எல்லாம் சரி என்று எடுக்கும் மென்பொருளும் உண்டு, எதுவும் ஆகாது என்று எடுப்பதும் உண்டு. உங்கள் பதிப்பு எந்தக் கட்சி என்பதை லேபில் ஒரு முறை வேண்டுமென்றே பிழையோடு எழுதிப் பார்த்துவிடுங்கள். விஎம் இருக்கும்போது லேப் போட காசு செலவில்லை.

8212 எட்டாத இடம்

இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்எஃப்சி 8212 இபிஜிபி-க்கு மட்டும். ஒரே பெட்டிக்குள் ஒரு விஆர்எஃப்பிலிருந்து இன்னொன்றுக்கு ரூட் தாவுவதை அது தடுக்காது. ஒரே நிறுவனத்துக்குள் ஓடும் ஐபிஜிபி-யையும் தடுக்காது. நேரடியாக இணைந்த தொகுதிகளை பிஜிபி-க்குள் தள்ளும் ரீடிஸ்ட்ரிப்யூட் கனெக்டட் என்ற வரியை, வடிகட்டும் ரூட்மேப் இல்லாமல் எழுதினால் சிஜிநாட்டின் 100.64.0.0/10 துண்டுகளும் மேனேஜ்மெண்ட் சப்நெட்டும் பிஜிபி டேபிளுக்குள் வந்துவிடும். மெய்நிகர் ரவுட்டர்கள் பெருகப் பெருக, எல்லைகளில் பாதி பெட்டிக்கு உள்ளேயே இருக்கின்றன. அங்கே காவலுக்கு நாம் எழுதும் ரூட்மேப் மட்டும்தான்.

லினக்ஸ் விஆர்எஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விஆர்எஃப் டேபிளில் ஒரு முகவரிக்கு ரூட் கிடைக்கவில்லை என்றால் லினக்ஸின் மையமான கெர்னல் பாக்கெட்டைத் தூக்கிப் போடாது. அடுத்த விதிக்குப் போய் மெயின் டேபிளில் தேடும். அங்கே டிஃபால்ட் ரூட் (வேறு வழி இல்லாதவற்றுக்கான பொது வழி) இருந்தால் வாடிக்கையாளரின் தனி நெட்வொர்க்கிலிருந்து பாக்கெட் இணையத்துக்குப் புறப்பட்டுவிடும். கெர்னல் ஆவணமே சொல்லும் தீர்வு: ஒவ்வொரு விஆர்எஃப் டேபிளிலும் அன்ரீச்சபிள் டிஃபால்ட் (சேர முடியாது என்று பாக்கெட்டை நிறுத்தும் வழி) ஒன்றை மெட்ரிக் 4278198272-உடன் (சின்ன எண்ணுக்கே முன்னுரிமை) போடுவது. மெட்ரிக் இவ்வளவு பெரிதாக இருப்பதால் உண்மையான டிஃபால்ட் ரூட் வந்தால் அதுவே ஜெயிக்கும். வராவிட்டால் பாக்கெட் அங்கேயே நிற்கும். லோக்கல் டேபிளின் விதி 0-ஆம் இடத்தில் இருப்பதை 32765-க்கு இறக்குவதும் அதே ஆவணத்தில் உள்ளது. விஆர்எஃப்பை உருவாக்கும் ஸ்கிரிப்டில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். தனி ஸ்கிரிப்டாக வைத்தால் ஒரு நாள் ஓட்ட மறப்பார்கள்.

இணைய ரூட்களையே ஒரு விஆர்எஃப்பில் வைக்கும் வடிவமைப்பு அழகானது. கோர் ரவுட்டர்களின் குளோபல் டேபிளை இணையத்திலிருந்து மறைக்கலாம். ஆனால் ஃபுல் டேபிளை (இணையத்தின் மொத்த ரூட்களும்) எம்பிஎல்எஸ் விபிஎன்னில் (பாக்கெட்டில் லேபிள் என்ற எண்ணை ஒட்டி அனுப்பும் முறை) வைக்கும் முன் லேபிள் கணக்கைப் பாருங்கள். லேபிள் 20 பிட், மொத்தம் 10,48,576. ஐபிவி4 ஃபுல் டேபிள் 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ரூட்டுக்கு ஒரு லேபிள் என்ற இயல்பில் விட்டால் லேபிள் தீர்ந்துபோகும், பல வன்பொருள்களில் அதற்கு வெகு முன்பே இடம் போதாமல் போகும். விஆர்எஃப்புக்கு ஒன்று அல்லது வாடிக்கையாளர் பக்க ரவுட்டருக்கு (சிஇ) ஒன்று என்று மாற்றியே ஆக வேண்டும்.

மூடியபடி தவறும் ஏற்றுமதி

அப்ஸ்ட்ரீமுக்கு எதைச் சொல்லக் கூடாது என்று பட்டியல் போடுவது முடிவில்லாத வேலை. உள்ளே வரும் இடத்திலேயே கம்யூனிட்டி (ரூட்டோடு ஒட்டிப் போகும் எண்) முத்திரை குத்துங்கள்: சொந்த ரூட்டும் வாடிக்கையாளர் ரூட்டும் 100, நெட்வொர்க்குகள் நேரடியாகச் சந்திக்கும் நிக்ஸி போன்ற எக்ஸ்சேஞ்ச் பியர்கள் 200, அப்ஸ்ட்ரீம் 300. வெளியே போகும் பாலிசியில் ஒரே அனுமதி, 100 முத்திரை உள்ளவை மட்டும், மீதி மறுப்பு. முத்திரை குத்த மறந்தால் ரூட் வெளியே போகாது, வாடிக்கையாளர் கூப்பிடுவார், பத்து நிமிடத்தில் சரியாகும். எதிர்ப்பக்கத் தவறுக்கு உலகமே கூப்பிடும். ஐஓஎஸ்ஸில் சென்ட் கம்யூனிட்டி என்று எழுதாவிட்டால் ஐபிஜிபி வழியாக முத்திரை போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உள்ளே வரும் பக்கம்: 192.168 போன்ற ஆர்எஃப்சி 1918 உள் முகவரிகள், 100.64.0.0/10, 192.0.2.0/24 போன்ற ஆவண முகவரிகள், நம் சொந்த ப்ரிஃபிக்ஸ், /24-ஐவிட நுணுக்கமானவை, இவை எல்லாம் மறுப்பு. வாடிக்கையாளரிடம் நான்கு ப்ரிஃபிக்ஸ் என்றால் அந்த நான்கும் மட்டுமே அனுமதி, உச்ச எண்ணிக்கை 10. அப்ஸ்ட்ரீமிடமும் உச்ச எண்ணிக்கை வையுங்கள், இன்றைய எண்ணிக்கைக்கு மேல் 20, 25 சதவீதம் இடம் விட்டு. ஜூனோஸில் ப்ரிஃபிக்ஸ் லிமிட் பாலிசிக்கு முன் வந்ததை எண்ணும், அக்செப்டட் ப்ரிஃபிக்ஸ் லிமிட் பாலிசிக்குப் பின் ஏற்றதை எண்ணும். வாடிக்கையாளர் ஃபுல் டேபிளைக் கொட்டுவதைப் பிடிக்க முதலாவதுதான் உதவும். எஃப்ஆர்ஆரில் வெளியே போகும் எண்ணிக்கைக்கும் உச்சம் வைக்கலாம். மூன்று ப்ரிஃபிக்ஸ் சொல்லும் நிறுவனம் வெளியே 10 என்று பூட்டிவைத்தால், பாலிசி எழுதியவர் தூங்கி வழிந்த அன்றும் கசிவு பத்தோடு நிற்கும்.

நல் ரூட் (பாக்கெட்டைக் குப்பையில் போடும் வழி) பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது இல்லாத நெட்வொர்க்குகள் இன்னும் நிறைய. இந்தியாவில் முகவரி வழங்கும் ஐஆர்ஐஎன்என் கொடுத்த /23-ஐ அப்ஸ்ட்ரீமிடம் அறிவிக்கிறோம். அதில் பாதிதான் பயன்பாட்டில் உள்ளது. மீதிப் பாதிக்கு யாரோ ஸ்கேன் பாக்கெட் அனுப்பினால் அது நம்மிடம் வரும்; நம்மிடம் அதற்கு ரூட் இல்லை, டிஃபால்ட் ரூட் அப்ஸ்ட்ரீமைக் காட்டும்; திரும்பிப் போகும்; அவர் மறுபடி நமக்கே அனுப்புவார். பாக்கெட்டின் ஆயுள் எண்ணான டிடிஎல் தீரும் வரை பந்தாட்டம். வந்தது ஒரு பாக்கெட், லிங்க்கில் ஓடுவது இருநூறு. மொத்த /23-க்கும் நல்லுக்கு ஒரு ஸ்டாட்டிக் போட்டால் முடிந்தது. சிஜிநாட்டின் பொது முகவரிக் குளத்துக்கும் அப்படியே. தனி விஎம்மில் நாட் ஓடினால் அந்த விஎம்மிலும் போட வேண்டும்.

ஆர்ஓஏ (இந்தத் தொகுதியை இந்த நெட்வொர்க் அறிவிக்கலாம் என்ற சான்று) உருவாக்கும்போது /23 என்று மட்டும் போட்டுவிட்டு, டிராஃபிக்கைப் பிரிக்க இரண்டு /24-ஆக அறிவித்தால் அவை இன்வேலிட். சில தளங்கள் திறக்கும், சில திறக்காது; வாடிக்கையாளர் டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டே இருப்பார். அறிவிக்கும் ப்ரிஃபிக்ஸ்களுக்கு மட்டும் சரியாக ஆர்ஓஏ போடுங்கள், மேக்ஸ் லெங்த்தை (எவ்வளவு சிறு துண்டு வரை அனுமதி என்பது) சும்மா நீட்டி வைக்காதீர்கள். சரிபார்க்கும் பக்கத்தில் இன்வேலிட்டை மட்டும் மறுத்தால் போதும். சான்றே இல்லாத நாட் ஃபவுண்டையும் மறுத்தால், வேலிடேட்டர் விஎம் விழும் நாளில் இணையமே விழும்.

விஎம் என்பதால் வரும் தொல்லைகள்

பிஜிபி எழுகிறது, 90 அல்லது 180 வினாடியில் ஹோல்டு டைமர் (எதிர்ப்பக்கச் செய்திக்குக் காத்திருக்கும் நேரம்) தீர்ந்து விழுகிறது, மறுபடி எழுகிறது. பத்தில் எட்டு முறை எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). ஓப்பன் மெசேஜும் கீப்அலைவும் சின்னவை, கடந்துவிடும்; ஃபுல் டேபிள் வரும்போது பெரிய பாக்கெட்டுகள் விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசரின் பிரிட்ஜில் சிக்கும். விலான் மேல் விலான், எம்பிஎல்எஸ் லேபிள் ஒவ்வொன்றும் நான்கு பைட். பிரிட்ஜ், போர்ட், ஸ்விட்ச் மூன்றிலும் 1600-க்கு மேல் வையுங்கள். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் பிங் விட்டால் 1500 கடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நெட்வொர்க் கார்டின் எல்ஆர்ஓ-வை அணையுங்கள், அது வரும் பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கும், பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்தும் பெட்டிக்கு அது ஆகாது. பாக்கெட் வந்த வழியே பதில் போகுமா என்று சோதிக்கும் ஆர்பி ஃபில்டரில் இன்னொரு குழி: லினக்ஸில் ஆல் என்பதற்கும் இன்டர்ஃபேஸுக்கும் உள்ள மதிப்புகளில் பெரியதே செல்லும். இரண்டு அப்ஸ்ட்ரீம் இருக்கும்போது ஒன்றில் போய் மற்றதில் வரும் பதில்களை 1 என்ற கண்டிப்பான நிலை விழுங்கிவிடும். இன்டர்ஃபேஸில் மட்டும் 0 ஆக்கிப் பயனில்லை, ஆல் என்பதையும் பாருங்கள். கண்டிப்பு இருக்க வேண்டிய இடம் சந்தாதாரர் பக்கம்.

மைக்ரோடிக்கின் விஎம் ரவுட்டரான சிஹெச்ஆரின் இலவச உரிமத்தில் இன்டர்ஃபேஸுக்கு 1 எம்பிபிஎஸ்தான். பிஜிபி எழும், பிங் போகும், லோடு ஏற்றினால் மூச்சுத் திணறும். இதற்கு எம்டியு தேடி இரவைக் கழிக்க வேண்டாம்.

இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி-யை 300 மில்லிவினாடி, மூன்று முறை என்று இரும்புப் பெட்டிக் கணக்கில் வைத்தால், ஸ்னாப்ஷாட் எடுக்கும் அந்த ஒரு வினாடித் தேக்கத்தில் செஷன் விழும். விஎம்மில் ஒரு வினாடி, மூன்று முறை போதும்; ஓடும் ரவுட்டரை மெமரியோடு ஸ்னாப்ஷாட் எடுக்கவும் வேண்டாம். உள் ரவுட்டர்களுக்கு ரூட்களைப் பகிரும் ரூட் ரிஃப்ளெக்டர் விஎம்முக்கு மிகப் பொருத்தமான வேலை, ஏனென்றால் டிராஃபிக் அதன் வழியே போவதில்லை. ஆனால் இரண்டு ரிஃப்ளெக்டரும் ஒரே ஹோஸ்டில் இருந்தால் ஒன்றுதான் இருக்கிறது என்று பொருள். வேலூருக்கும் காட்பாடிக்கும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, இரண்டு ஃபைபரையும் ஒரே பாலாற்றுப் பாலத்தில் கொண்டுபோவதும் அதே ரகம்.

கடைசியாக ஹைப்பர்வைசரின் மேனேஜ்மெண்ட். அது எந்த ரவுட்டர் விஎம் வழியாகப் போகிறதோ, அந்த விஎம் விழுந்தால் அதை எழுப்பும் கன்சோலும் விழும். பேரணாம்பட்டில் உள்ள ஹோஸ்டுக்கு நடுராத்திரி வண்டி எடுக்க வேண்டியதுதான். தனி போர்ட், தனி சின்ன ஸ்விட்ச், ஒரு 4ஜி சிம். சிம்முக்குப் பொது முகவரி பெரும்பாலும் கிடைக்காது என்பதால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது; அங்கிருந்து சென்னையில் உள்ள ஒரு சர்வருக்கு வயர்கார்டு விபிஎன் டனல் எப்போதும் நிற்கட்டும், 25 வினாடிக்கு ஒரு கீப்அலைவோடு. 28 நாள் பிளான் என்றால் ரீசார்ஜ் தேதியையும் கண்காணிப்பில் ஒரு அலாரமாகப் போட்டுவையுங்கள்.